இறகு தின்னும் மண்: ஒரு யாழ்ப்பாண நொதியக் கதை

யாழ்ப்பாண வரலாறு எண்டு எங்களுக்குச் சொல்லித் தந்தது எதை? சங்கிலியன், போர்த்துக்கேயர், ஒல்லாந்தரின் கோட்டை, நாவலர், 1981இல் எரிந்த நூலகம், பிறகு சண்டை. கலைப்பீடத்தில் படிக்கிற நாங்களும் இந்த வட்டத்துக்குள்ளதான் சுத்திக்கொண்டு நிக்கிறம். உமி, கள்ளு, பற்றீரியா எண்டெல்லாம் வரலாற்றுப் பாடத்துக்குள்ள வாறதில்லை. அதெல்லாம் சயன்ஸ் படிக்கிற பெடியளின்ர அலுவல் எண்டு விட்டாச்சு. ஆனால் ஆர் எந்தக் கழிவைத் தொட்டார்கள், ஆர் தொடாமல் தப்பினார்கள் எண்டு கேட்கத் தொடங்கினால் அது வரலாற்றுக் கேள்விதான். இந்தக் கட்டுரை கோழி இறகைப் பற்றியது. அதை மண்ணுக்குள்ள இருக்கிற பற்றீரியா எப்பிடித் தின்னுது, அந்தப் பற்றீரியாவின் நொதியத்தை மனுசர் எப்பிடிக் கண்டுபிடித்தார்கள், அதில் எங்கட ஊருக்கு என்ன பங்கு எண்டு பார்ப்போம்.

முதல், பிரச்சினை. ஒரு கோழியின் நிறையில் 5 முதல் 7 சதவீதம் இறகு. 2 கிலோக் கோழி ஒண்டை உரித்தால் 100 கிராமுக்கு மேல் இறகு மிஞ்சும். நாளுக்கு 50 கோழி உரிக்கிற ஒரு சின்னக் கடையில் 5 கிலோ. உரப்பையில் கட்டி, இருட்டினாப் பிறகு ஏதாவது வெறுங்காணிக்குள்ளயோ, கடலோரத்திலோ, பாழ்கிணற்றிலோ எறிந்துவிட்டு வாறதை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறம். குடல் நாறும், நாய் இழுக்கும், ரெண்டு மூண்டு நாளில் முடிஞ்சிடும். இறகு அப்பிடியே கிடக்கும். மழை வந்தாலும் கிடக்கும்.

ஏன் கிடக்குது? இறகில் ஏறத்தாழ 90 சதவீதம் கெரற்றின் எண்ட புரதம். எங்கட தலைமயிர், நகம், மாட்டுக் கொம்பு எல்லாம் இந்தக் குடும்பம்தான். கயிறு திரிக்கிறதை நினைச்சுப் பாருங்கோ. தும்பைச் சேர்த்துப் புரியாக்கி, புரியைச் சேர்த்துக் கயிறாக்குவினம். கெரற்றினும் அப்பிடி இறுக்கமாக அடுக்கின புரதம். அதுக்கு மேல புரிக்குப் புரி கந்தக அணுக்களால் பாலம் போட்டுக் கட்டியிருக்குது. மயிர் கருகேக்க வாற மணம் அந்தக் கந்தகத்தின்ர மணம்தான். இறைச்சியைச் செரிக்கிற எங்கட வயிற்று நொதியங்களால் இந்தக் கட்டுக்குள்ள போகேலாது. பாலத்தை உடைத்தால்தான் புரியைத் துண்டாக்கலாம்.

அதை உடைக்கக்கூடியவை மண்ணுக்குள்ள இருக்குது. இல்லாவிட்டால் இவ்வளவு காலமும் உதிர்ந்த பறவை இறகெல்லாம் மலைமலையாகக் குவிஞ்சிருக்கும். பசிலஸ் எண்ட பற்றீரியாப் பேரினம் அவைகளில் முக்கியமானது. பசிலஸுக்கு ஒரு குணம்: சாப்பாடில்லை, தண்ணியில்லை எண்டால் வித்தியாகி ஒடுங்கிவிடும். மாசியில் இருந்து ஆவணி வரைக்கும் காய்ஞ்சு வெடிக்கிற எங்கட செம்மண்ணில் அப்பிடிக் காத்துக்கிடந்து, ஐப்பசி மழையோட எழும்பக்கூடிய உயிரி அது. அமெரிக்காவில் பேர்ட், இச்சிடா எண்ட இரண்டு ஆய்வாளர்கள் 1,588 பறவைகளைப் பிடித்துப் பார்த்து 1999இல் எழுதினார்கள்: 134 பறவைகளின் இறகிலேயே இறகைத் தின்னுற பசிலஸ் இருந்தது. நிலத்தில் மேய்கிற பறவைகளிலும் நீர்ப்பறவைகளிலும்தான் கூட. மண்ணைக் கிளறினால் மண் ஏறும்தானே. எங்கட ஊர்க்கோழி நாள் முழுக்கச் செய்யிற வேலை அது.

சரி, நொதியம் எப்பிடி மனுசற்ற கைக்கு வந்தது? இதுதான் நாங்கள் சொல்ல வந்த கதையின் நாற்றம் பிடித்த பகுதி.

19ஆம் நூற்றாண்டில் லண்டனில் நாய்ப்பீ பொறுக்கி வாழ்ந்த ஆக்கள் இருந்தார்கள். ஹென்றி மேஹ்யூ எண்ட பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளைப் பற்றி எழுதின பெரிய நூலில் அவர்களுக்கு ஒரு இடம் கொடுத்திருக்கிறார். வாளியோடு தெருத்தெருவாகப் போய்ப் பொறுக்கி, தோல் பதனிடுகிற ஆலைக்கு விற்பார்கள். நாய்ப்பீ, புறாப்பீ கரைத்த தண்ணிக்குள்ள தோலை ஊறவைத்தால்தான் அது மெதுமையாகும். ஏன் மெதுமையாகுது எண்டு ஆருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் இந்த வேலையை ஆர் செய்யவேணும் எண்டதுதான். கழிவைத் தொடுகிற வேலையை ஒருசில ஆக்களின் தலையில் கட்டிவிட்டு, பிறகு அவர்களையே கழிவு போல நடத்துகிற வழக்கம் எங்கட ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. எங்களிட்ட அதுக்குச் சாதிப்பெயர் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜெர்மனியில் ஒட்டோ ரோம் எண்ட வேதியியலாளர் அந்த நாய்ப்பீக்குள்ள உண்மையில் வேலை செய்யிறது செரிமான நொதியங்கள்தான் எண்டு ஊகித்தார். விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியத்தை வைத்து அதே வேலையைச் செய்துகாட்டினார். ஒட்டோ ஹாஸோடு சேர்ந்து 1907இல் அவர் தொடங்கின கம்பனி 'ஒறோபொன்' எண்ட பெயரில் அதை விற்றது. நாய்ப்பீ வாளி மெல்ல மெல்லத் தேவையில்லாமல் போனது. வரலாற்றுப் புத்தகங்கள் முதலாம் உலகப் போருக்கு முந்தின அந்த வருசங்களைப் போர்க்கப்பல்களாலும் ஒப்பந்தங்களாலும் நிரப்பியிருக்குது. எங்களைக் கேட்டால் இந்த வாளி காணாமல் போனதுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

அடுத்தது டென்மார்க். கார்ல்ஸ்பேர்க் எண்டால் எல்லாருக்கும் பியர்தான் ஞாபகம் வரும். அந்தக் கம்பனி நடத்தின ஆய்வுகூடம் உலகத்தின் முக்கியமான புரத ஆய்வுகூடங்களில் ஒண்டு. அங்க லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் எண்டவர் 1935இல் துணி அரிக்கிற அந்துப்பூச்சியின் புழுவை ஆராய்ந்தார். கம்பளியும் கெரற்றின்தான். அதைப் புழு எப்பிடிச் செரிக்குது? புழுவின் குடலுக்குள்ள கடுமையான காரத்தன்மையும், கந்தகப் பாலங்களை உடைக்கக்கூடிய சூழலும் இருப்பதை அவரும் டுஸ்பிவாவும் காட்டினார்கள். முதலில் பாலத்தை உடை, பிறகு புரதத்தை வெட்டு. மண் பற்றீரியாவும் செய்யிறது ஏறக்குறைய இதே இரண்டு படி வேலைதான்.

அதே ஆள், 1947இல், ஒட்டெசென் எண்ட சகாவோடு முட்டை வெண்கருப் புரதத்தை ஆராயேக்க ஒரு விநோதத்தைக் கண்டார். புரதம் வேறொண்டாக மாறி, தட்டையான பளிங்குகளாகப் படிந்தது. காரணம் கரைசலுக்குள்ள தன்பாட்டில் வந்து வளர்ந்த ஒரு பசிலஸ். அது விட்ட நொதியம்தான் புரதத்தை வெட்டியிருந்தது. அந்த நொதியத்துக்குப் பிறகு 'சப்டிலிசின் கார்ல்ஸ்பேர்க்' எண்டு பெயர் வந்தது. 1960களில் அது சலவைத் தூளுக்குள்ள போனது. இரத்தக் கறையும் முட்டைக் கறையும் போகுது எண்டு விளம்பரம். பற்றீரியா நொதியம் பெரிய வியாபாரமானது அப்போதுதான்.

அந்த வியாபாரத்துக்கு ஒரு விலை இருந்தது. நொதியத் தூள் காற்றில் பறக்கும். ஆலையில் வேலை செய்தவர்கள் அதைச் சுவாசித்தார்கள். 1969இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையான 'லான்செற்'றில் ஃப்ளின்ற் எண்ட மருத்துவர் அந்தத் தொழிலாளிகளுக்கு வந்த நுரையீரல் நோயை விவரித்தார். அதுக்குப் பிறகுதான் தூளை மணியாக உருட்டி, மேல பூச்சுப் பூசி விற்கிற முறை பரவியது. நாய்ப்பீ வாளியைச் சுமந்த கைகளுக்குப் பதிலாக இப்ப ஆலைத் தொழிலாளியின் நெஞ்சு. கழிவு இடம் மாறியது, கீழே நிற்கிறவர்கள் மாறவில்லை. நொதியம் எண்டால் பச்சை, சுத்தம், இயற்கை எண்டு பேசுகிற ஆக்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேணும்.

இறகுக்கு வருவோம். அமெரிக்காவின் வட கரோலினா கோழிப்பண்ணைகள் நிறைந்த மாநிலம். அங்க மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ஷி எண்ட பேராசிரியர் கோழிக்கழிவில் இருந்து எரிவாயு எடுக்கிற தொட்டி ஒண்டை நடத்திக்கொண்டிருந்தார். கழிவோடு சேர்ந்து உள்ளே போன இறகுகள் காணாமல் போவதை அவர்கள் கவனித்தார்கள். தேடிப் போனதில் ஒரு பசிலஸ் அகப்பட்டது: பசிலஸ் லைக்கெனிஃபோர்மிஸ். அதுக்கு அவர்கள் வைத்த அடையாளத்திலேயே கோழிக்கழிவுத் தொட்டியின் முதலெழுத்துகள் இருக்குது. அந்தக் கட்டுரை 1990இல் வெளிவந்தது. இரண்டு வருசத்தில் அதன் கெரற்றினேஸ் நொதியத்தைச் சுத்திகரித்தும் எழுதினார்கள். பிறகு அது கோழித் தீவனத்தில் சேர்க்கிற பொருளாகச் சந்தைக்கே வந்தது.

1990 எண்டதும் எங்களுக்கு வேற ஞாபகம் வரும். அந்த வருசம் யூனில் சண்டை திரும்பவும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, பசளை, சவுக்காரம் எண்டு பொருளாதாரத் தடையின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விளக்குச் செய்து படித்த கதையை எங்கட அம்மா, அப்பா, மாமா, சித்தி எல்லாரும் சொல்லியிருக்கினம். நாங்கள் அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன தலைமுறை. ஆனால் அந்த விளக்கு வெளிச்சக் காலத்தில் எங்கட கம்பஸில் நொதிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது எண்டு எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

யாழ்ப்பாண வளாகம் 1974இல் தொடங்கியது, 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. மருத்துவபீடம் 1978இல். நுண்ணுயிர் ஆய்வு இங்க சண்டைக்கு முதலே உண்டு. பேராசிரியர் தெய்வேந்திரராசாவும் கிறிஸ்ரோபரும் பனங்கள்ளுக்குள்ள என்னென்ன நுண்ணுயிர்கள் வாழுது, கள்ளை அவை எப்பிடிப் புளிக்க வைக்குது எண்டு ஆராய்ந்து 1987இல் ஒரு சர்வதேச சஞ்சிகையில் எழுதினார்கள். வடமராட்சியில் குண்டு விழுந்து, பிறகு இந்திய இராணுவம் வந்து இறங்கின வருசம் அது. வருசத்தையும் தலைப்பையும் பக்கத்தில் பக்கத்தில வைத்துப் பார்த்தால் ஒரு மாதிரித்தான் இருக்குது.

மருத்துவபீடத்தின் உயிரிரசாயனத் துறையில் பேராசிரியர் பாலசுப்பிரமணியமும் வசந்தி அரசரட்ணமும் நொதியங்களில் வேலை செய்தார்கள். (வசந்தி அரசரட்ணம் பிறகு 2011இல் துணைவேந்தரானவர்.) சோளத்தின் பச்சை மாப்பொருளை இரண்டு நொதியங்கள் சேர்ந்து எப்பிடி உடைக்குது எண்ட அவர்களின் கட்டுரை 1993இல் ஐரோப்பியச் சஞ்சிகை ஒண்டில் வந்தது. 1996இல் மோர்த்தெளிவில் இருந்து லக்ரிக் அமிலம் செய்வதைப் பற்றி ஒண்டு. 1997இல் வந்ததுதான் எங்களுக்குப் பிடித்தது: நெல் உமியையும் தவிட்டையும் வைத்து, ஒரு பூஞ்சணத்தை வளர்த்து, மாப்பொருளைக் குளுக்கோசாக்குகிற நொதியத்தை எடுக்கிறது. இடையில் 1995 ஒக்ரோபர் 30. அந்த இரவைப் பற்றி இங்க நாங்கள் எழுதத் தேவையில்லை.

அந்தக் காலத்தில் 1994 வரை துணைவேந்தராக இருந்தவர் அழகையா துரைராசா. சைக்கிளில் வந்து போனவர் எண்டு இப்பவும் சொல்லுவினம். அவரும் ஒரு வகையில் மண்ணின் ஆள்தான்: கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் சேர்ந்து களிமண் எப்போது, எப்படி இளகிக் கொடுக்கும் எண்டு 1963இல் அவர் எழுதின கட்டுரையை உலகம் முழுக்க மண்பொறியியல் மாணவர்கள் இன்றைக்கும் படிக்கினம்.

உமி ஏன் முக்கியம்? வழமையாக நொதியம் செய்ய, பெரிய தொட்டி நிறையத் தண்ணி ஊற்றி, காற்று ஊதி, ஓயாமல் கலக்கவேணும். எல்லாத்துக்கும் கரண்ட் வேணும். திண்ம நிலை நொதித்தல் வேற மாதிரி. உமியையும் தவிட்டையும் ஈரமாக்கி, அதில் நுண்ணுயிரை வளரவிடுகிறது. தண்ணி கொஞ்சம் போதும், கலக்கிற மெசின் தேவையில்லை. உமி உள்ளுக்குக் காற்றுப் போக இடம் விடும். இட்லி மாவைப் புளிக்க வைக்கிறதும், தோட்டத்தில் எருக்கும்பி போடுறதும் தெரிந்த ஊருக்கு இந்த முறை அந்நியமில்லை. கையில் இருக்கிறது எது, எறியிறது எது, அதை வைத்து என்ன செய்யலாம் எண்டு தொடங்குகிற சிந்தனை இது. நாங்கள் இந்தக் கட்டுரைகளை ஒரு காலத்தின் ஆவணமாகவே வாசிக்கிறம்.

2011இல் கபிலனும் அரசரட்ணமும் அதே உமியை எடுத்து, இந்த முறை பூஞ்சணத்துக்குப் பதிலாகப் பற்றீரியாவை வளர்த்தார்கள். பசிலஸ் பூமிலஸ். எடுத்த நொதியம் சைலனேஸ், தாவர நாரை உடைக்கிறது. இறகோடு அதுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் பசிலஸ் பூமிலஸ் எண்ட பெயரைக் கவனியுங்கோ. மேல சொன்ன அமெரிக்கப் பறவைகளின் இறகில் அகப்பட்ட கூட்டத்தில் அதுவும் இருந்தது. வேற நாடுகளில் அதன் சில வகைகள் இறகைக் கரைப்பதாகக் கட்டுரைகள் வந்திருக்குது. ஆக பசிலஸ் வளர்க்கிற கைப்பழக்கம், உமியில் வளர்க்கிற கைப்பழக்கம் இரண்டும் இந்த ஊரில் உண்டு. மண் உண்டு. இறகு தேவைக்கு மேல உண்டு.

தேடுகிற முறையும் பெரிய வித்தையில்லை. இறகு கொட்டிக் கிடக்கிற இடத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணியில் கரைக்கவேணும். 80 பாகையில் பத்து நிமிசம் சூடாக்கினால் மற்ற உயிரிகள் பெரும்பாலும் செத்துப்போகும், பசிலஸின் வித்துகள் தப்பும். பிறகு கழுவின இறகும் உப்புகளும் மட்டும் போட்ட குடுவைக்குள்ள அதை விடவேணும். வேற சாப்பாடு வைக்கப்படாது. இறகைத் தின்னத் தெரிந்தவன் மட்டும் பெருகுவான். சில நாளில் தண்ணி கலங்கும், இறகின் தும்புகள் முதல் போகும், தண்டு கடைசியாகப் போகும். கஷ்டம் அதுக்குப் பிறகுதான். குடுவையில் நடந்தது சாக்கில் நடக்காது. வெக்கை, அமிலகாரத் தன்மை, நேரம், செலவு எண்டு ஒவ்வொண்டாகச் சரிபார்க்க வேணும். உலகத்தில் கெரற்றினேஸ் பற்றி வந்த கட்டுரைகளில் பெரும்பகுதி குடுவையோடு நிண்டுபோனவை. எங்கட கட்டுரையும் அந்தக் குவியலில் ஒண்டாகப் போகக்கூடாது எண்டதுதான் எங்கட கவலை.

"இதுக்கு ஏன் இவ்வளவு பாடு, கிடங்கு வெட்டித் தாட்டால் பசளைதானே?" எண்டு கேட்பீர்கள். பழைய காவோலையைத் தோட்டத்தில் தாட்டு வந்த ஊர் இது, கேள்வி நியாயம்தான். ஒரு வீட்டுக் கோழியின் இறகைத் தென்னங்கன்றுக்குக் கீழ தாட்டால் ஒரு பிழையும் இல்லை. கடைக்கணக்கில் தாட்டால் கதை வேற. உலர்ந்த இறகில் ஏறத்தாழ 15 சதவீதம் நைதரசன். 5 கிலோ உலர்ந்த இறகு எண்டு வையுங்கோ, முக்கால் கிலோ நைதரசன். அது முழுக்க நைத்திரேற்றாக மாறினால் 3.3 கிலோ வரும். குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அப்பிடிப் பார்த்தால் ஏறக்குறைய 66,000 லீற்றர் சுத்தமான தண்ணியை அந்த எல்லைக்குக் கொண்டுபோக இந்த 5 கிலோ போதும். இது கடதாசிக் கணக்கு. முழுதும் அப்பிடி மாறாது, பயிர் எடுக்கும், காற்றில் போகும். ஆனால் எங்கட நிலத்துக்குக் கீழ சுண்ணாம்புக்கல், ஓட்டையும் வெடிப்பும் நிறைஞ்சது. மேல ஊற்றினது கீழ போகும். வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் குடாநாட்டில் இல்லை, வழுக்கியாறும் மாரியில்தான். குடிக்கிறது கிணற்றுத் தண்ணி. பசளையாலும் மலகூடக் குழிகளாலும் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்கெனவே கூடத்தான். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்த கதையையும் நாங்கள் மறக்கேல்லை.

நொதியத்தால் கரைத்தால் என்ன வித்தியாசம்? நைதரசன் அப்பவும் அதே அளவுதான், மாயமாக மறையாது. ஆனால் அது ஒரு வாளிக்குள்ள, அளந்து பார்க்கக்கூடிய திரவமாக உங்கட கையில் இருக்கும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் எவ்வளவு, எப்ப எண்டு பார்த்துக் கொடுக்கலாம். வாங்குகிற யூரியாவில் அந்த அளவைக் குறைக்கலாம், கூட்டக்கூடாது. கிடங்கில் தாட்டால் அந்தக் கட்டுப்பாடு எங்களிட்ட இல்லை. தீவனமாக்கலாம் எண்டும் சொல்லுவினம். அதுக்கு நோய்க்கிருமிப் பரிசோதனை, லைசின், மெதியோனின் போன்ற குறைகிற அமினோ அமிலங்களை ஈடுகட்டுறது எண்டு வேலை கூட. முதல்ல பசளையோட தொடங்கிறது புத்தி எண்டு நினைக்கிறம்.

கடைசியாக, சாக்கைத் தூக்குகிறவர்கள். கோழிக்கடையில் உரிக்கிற பெடியனும், விடியக்காலை அதை அள்ளுகிற பிரதேசசபைத் துப்புரவுத் தொழிலாளியும் இந்தக் கதையில் கட்டாயம் இருக்கவேணும். கையுறையும் மூடின வாளியும் திட்டத்தின் முதல் செலவாக எழுதப்பட வேணும், மிஞ்சினால் பார்க்கலாம் எண்ட கடைசி வரியாக இல்லை. 1969ஐத் தெரிந்துகொண்டு தொடங்கிறதால் எங்களுக்கு ஒரு வசதி உண்டு: நொதியத்தைக் காயவைத்துத் தூளாக்கத் தேவையில்லை. அதே ஊரில் செய்து அதே ஊரில் பாவிக்கிறதெண்டால் திரவமாகவே கொண்டுபோய், இறகு நனைகிற தொட்டியில் ஊற்றலாம். தூர இடத்துக்கு ஏற்றுமதி செய்யிறவனுக்குத்தான் தூள் வேணும்.

பிறொயிலர் கோழியின் இறகு வெள்ளை. 2004இல் வந்த ஒரு ஆய்வின்படி வெள்ளை இறகைப் பற்றீரியா கெதியாகத் தின்னும், கறுப்பு இறகில் இருக்கிற மெலனின் கொஞ்சம் தடுக்கும். அதனால கடை இறகோட ஊர்க்கோழி இறகு கலந்து வந்தால், கறுப்பைப் பிரித்து எடுத்து வேற தொட்டியில் கூடுதல் நாள் விடவேணும்.